ஆர்எச்-560 ராக்கெட் 470 கிமீ போகுதுன்னா அதுல ஏன் சாட்டிலைட் விட முடியாது?

உயரமா போறது வேற, அங்கயே சுத்துறது வேற பாஸ். இஸ்ரோவோட ஆர்எச்-560 மார்க் 2 ஒரு சவுண்டிங் ராக்கெட், அதாவது மேல போய் அளந்துட்டு கீழ விழுற ரகம். ரெண்டு ஸ்டேஜ் (அடுக்கு), ரெண்டுமே திட எரிபொருள், ஸ்ரீஹரிகோட்டாவுல இருந்து 100 கிலோ பேலோடை (சுமக்குற கருவிகளை) 470 கிமீ வரைக்கும் ஏத்தும்னு இஸ்ரோ கணக்கு, விண்வெளி நிலையமே 400 சொச்சத்துல தான் சுத்துது, அதனால இந்த சந்தேகம் வர்றது நியாயம் தான். ஆனா அந்த உயரத்தை தொட்டுட்டு இறங்க செகண்டுக்கு 3 கிமீ வேகம் போதும், விழாம சுத்தணும்னா பக்கவாட்டுல 7.6 கிமீ வேணும். எனர்ஜி கணக்கு போட்டா ஏழெட்டு மடங்கு ஆகுது. அதான் மேல போய்ட்டு நேரா வங்காள விரிகுடாவுல விழுது.

வேஸ்டுன்னு நினைக்காதீங்க. பலூன் 40 கிமீ தாண்டி போக திணறும், சாட்டிலைட் 200க்கு கீழ ரொம்ப நாள் தாங்காது, நடுவுல இருக்குற காத்தையும் ஐயனோஸ்பியரையும் (மின்னேற்றம் ஆன மேல் காத்து அடுக்கு) உள்ள போய் அளக்க இதை விட்டா வழி இல்ல. 100 கிமீக்கு மேல ஒன்பது பத்து நிமிஷம் கிடைக்கும், அதுக்குள்ள அளந்து ரேடியோவுல கீழ அனுப்பிடணும்.

ரெண்டு ஸ்டேஜ் எதுக்குன்னா, கீழ காத்து அடர்த்தி, அங்கயே எல்லா எரிபொருளையும் எரிச்சு வேகம் எடுத்தா பாதி காத்தோட மல்லுக்கட்டியே போயிடும். 1963 நவம்பர் 21 கேரளாவுல தும்பாவுல கிளம்புன அமெரிக்க நைக்-அப்பாச்சியும் இதே ரகம் தான், கீழ் ஸ்டேஜ் மூணு நாலு செகண்டுல எரிஞ்சு கழண்டுடும், மேல் ஸ்டேஜ் சும்மா ஏறிட்டே போய் காத்து லேசானப்புறம் தான் பத்திக்கும்.

அந்த 100 கிலோ, 470 கிமீயும் கல்வெட்டு இல்ல. வெயிட்டை ஏத்துனா உயரம் குறையும், அவ்ளோ தான். எல்லா ராக்கெட்டுக்கும் உயரம் தான் குறின்னும் இல்ல. 2016 ஆகஸ்ட் 28 ஸ்க்ராம்ஜெட் (அதிவேகத்துல காத்தை உள்ள இழுத்து எரியுற இஞ்சின்) டெஸ்டுக்கு ஏடிவின்னு ஒரு ரெண்டு ஸ்டேஜ் சவுண்டிங் ராக்கெட் விட்டாங்க, கிளம்புறப்போ ராக்கெட்டோட மொத்த எடை 3277 கிலோ, அதுக்கு உயரமே தேவைப்படல, ஒலியை விட ஆறு மடங்கு வேகம் தான் வேணும், அந்த ஸ்க்ராம்ஜெட் இஞ்சின் எரிஞ்சது 5 செகண்ட்.

எனக்கு பிடிச்சது என்னவோ குட்டி ஆர்எச்-200 தான். அதுவும் ரெண்டு ஸ்டேஜ், 10 கிலோ பேலோடை 80 கிமீ வரைக்கும் ஏத்தும். மேல போய் முடி மாதிரி மெல்லிசான செம்பு இழைகளை கொட்டிடும், அது காத்துல எந்தப்பக்கம் எவ்ளோ வேகமா நகருதுன்னு கீழ ரேடார் பாத்துட்டே இருக்கும், அதுல இருந்து 60 கிமீக்கு மேல வரைக்கும் காத்து வேகம் கிடைச்சிடும்.