ஜாவாவைப் பிரிக்கும் முன்: வாசகர் கேள்விகள்

மைசூரில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1961-ல் வண்டி கட்டத் தொடங்கி 1996-ல் மூடப்பட்டது. எழுபதுகளில் 'ஜாவா' பெயர் போய் 'யெஸ்டி' வந்தது. இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அந்த 'ஜாவா' காலத்து 250 சிசி டூ ஸ்ட்ரோக் வண்டிகளைப் பற்றியவை; பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஓட்ட வேண்டியவை. நடுவில் ஒரு ராஜ்தூத் 350-யும் இருக்கிறது.

தாத்தா ஓட்டிய ஜாவா 250, 1966 மாடல். இருபது வருடமாக மாட்டுக் கொட்டகை ஓரத்தில் நின்றது. கிக்கர் அசையவே இல்லை. பெயின்ட் அடித்துப் பார்வைக்குச் சரிசெய்துவிட்டு அப்புறம் எஞ்சினுக்கு வரலாமா?
– வாசகர், துறையூர்

வேண்டாம். பெயின்ட் கடைசி வேலை. எஞ்சினை நான்கு முறையாவது ஏற்றி இறக்க வேண்டியிருக்கும். ஒருமுறை ஸ்பேனர் நழுவினால் போதும், புது பெயின்ட் போச்சு.

முதல் நாள் வண்டியைக் கழுவக்கூடக் கழுவாதீர்கள். அந்த அழுக்குக்கு அடியில்தான் நமக்கு வேண்டிய தகவல் இருக்கிறது. டேங்க்கின் அடிப்பக்கம், டூல் பாக்ஸின் உள்பக்கம், சீட்டுக்குக் கீழே என வெயில் படாத இடங்களில் ஒரிஜினல் மெரூன் அப்படியே இருக்கும். துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டு மெல்லத் துடைத்து, அந்த இடத்தைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். பிற்பாடு பெயின்ட் கடையில் நிறம் கலக்க அதுதான் ஆதாரம். டேங்க்கின் தங்கக் கோடு எந்த இடத்தில் வளைகிறது, எத்தனை மில்லிமீட்டர் அகலம் என்பதையும் ஒரு டிரேசிங் தாளில் பிரதி எடுத்துவிடுங்கள். கேபிள் எந்த வழியாகப் போகிறது, எந்த போல்ட்டில் எத்தனை வாஷர் என்பதற்கெல்லாம் படம் வேண்டும். நூறு படம் எடுத்தாலும் பூட்டும்போது நூற்றியொன்றாவது படத்தைத் தேடுவீர்கள்.

இனி ஜாம். ஜாவாவில் கியர் லிவரே கிக்கர். உள்ளே அழுத்தி மேலே திருப்பினால் கிக்கராக மாறும். ஜாம் ஆன எஞ்சினில் அதன்மேல் ஏறி நின்று மிதித்தால் உள்ளே பல் உடையும், ஸ்பிரிங் போகும். பிளக்கைக் கழற்றி, டீசலும் கியர் ஆயிலும் பாதிப் பாதி கலந்து 50 மில்லி ஊற்றுங்கள். பிஸ்டன் கீழே நின்றிருந்தால் எண்ணெய் போர்ட் (சிலிண்டர் சுவரில் உள்ள துளை) வழியாக ஓடிப்போகும். அதனால் தினம் ஒருமுறை பார்த்து மேலும் ஊற்ற வேண்டும். ஒரு வாரம் பொறுங்கள். அதற்குப் பிறகும் அசையவில்லை என்றால் ஹெட்டைக் கழற்றி, சிலிண்டரை வெளியிலிருந்து ஹீட் கன்னால் சூடாக்கி, பிஸ்டன் தலையில் வேப்பங்கட்டை ஒன்றை வைத்து மர மல்லட்டால் தட்டுங்கள். இரும்புச் சுத்தியல் கூடாது. பிஸ்டன் அலுமினியம், சிலிண்டர் வார்ப்பிரும்பு. துரு பிடிப்பது சிலிண்டரிலும் ரிங்கிலும். அடி மட்டும் பிஸ்டனுக்கு விழும்.

கிராங்க் கேஸை (எஞ்சினின் அடிப்பெட்டி) பிரிக்கும்போது இரண்டு பாதிக்கும் நடுவே திருப்புளியை நுழைத்து நெம்புகிறவர்கள் உண்டு. அங்கே விழும் கீறல்தான் நாளைய ஏர் லீக். கேஸைச் சூடாக்குங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் 'சுர்'ரென்று ஆவியாகிற சூடு போதும். பேரிங்குகள் தானாகவே கழன்று விழும். புது பேரிங் போடும்போதும் இதே முறைதான்: கேஸ் சூடாக, பேரிங் ஃபிரிட்ஜில் வைத்ததாக.

சிலிண்டரின் ஸ்டாண்டர்ட் உள்விட்டம் 65 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 75. போர் அடிப்பதானால், அதாவது சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்குவதானால், முதலில் பிஸ்டனை வாங்கி, அதைக் கையில் கொண்டுபோய் லேத் பட்டறையில் கொடுங்கள். '0.50 ஓவர்சைஸ்' என்று டப்பாவில் எழுதியிருப்பதை நம்பி முன்னமே போர் அடிக்கக் கூடாது. பிஸ்டனின் அடிப்பாவாடையில், கனெக்டிங் ராடைப் பிணைக்கும் பின்னுக்குக் குறுக்கே அளந்து, 0.06 முதல் 0.08 மி.மீ. இடைவெளி கேளுங்கள். ரிங்கைத் தனியாகச் சிலிண்டருக்குள் இறக்கி அதன் இரு முனைக்கும் நடுவிலுள்ள வாயை அளந்தால் 0.25 முதல் 0.30 மி.மீ. வரை இருக்க வேண்டும். பட்டறைக்காரர்கள் வழக்கமாக மறக்கிற வேலை ஒன்று உண்டு: போர்ட்களின் விளிம்பைக் கையால் மழுங்கடிப்பது. அதைச் செய்யாவிட்டால் கூர்மையான விளிம்பில் ரிங் மாட்டி, முதல் நூறு கிலோமீட்டரிலேயே உடையும். வாங்கி வரும் முன் விரல் விட்டுத் தடவிப் பாருங்கள்.

2018-ல் வந்த புது ஜாவா வாட்டர் கூலிங் உள்ள ஃபோர் ஸ்ட்ரோக். அதன் ஷோரூமில் உங்கள் எஞ்சினுக்கு ஒரு வாஷர்கூடக் கிடைக்காது. ஆகவே, கழற்றிய பழைய பாகம் எதையும் வேலை முடியும்வரை காயலான் கடைக்குப் போடாதீர்கள்.

எஞ்சின் முழுக்க வேலை பார்த்தாயிற்று. புது பிஸ்டன், புது ரிங். இருந்தும் வெள்ளையாகப் புகை தள்ளுகிறது. பெட்ரோலில் ஆயிலைக் குறைத்துப் பார்த்தேன், மாற்றமில்லை. கியர் ஆயில் மட்டும் குறைந்துகொண்டே வருகிறது.
– வாசகர், காரைக்குடி

பதிலை நீங்களே கடைசி வரியில் எழுதிவிட்டீர்கள். இடது பக்கத்து கிராங்க் ஆயில் சீல், அதாவது கிராங்க் ஷாஃப்ட்டைச் சுற்றி ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம். ஜாவாவில் பிரைமரி செயினும் கிளட்ச்சும் கியர்பாக்ஸும் ஒரே ஆயிலில் ஓடுகின்றன. பிஸ்டன் மேலே ஏறும்போது கிராங்க் கேஸில் உறிஞ்சல் உண்டாகும். சீல் தளர்ந்திருந்தால் கியர் ஆயில் உள்ளே போய் எரிகிறது. பெட்ரோலில் கலக்கும் ஆயிலை உடனே பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள்: லிட்டருக்கு 40 மில்லி, ரன்னிங்-இன் (புது பாகங்கள் பழகும் ஓட்டம்) முடியும்வரை 50 மில்லி. புகைக்குப் பயந்து ஆயிலைக் குறைத்தால் பிஸ்டன் பிடிக்கும் (சூடேறி சிலிண்டரில் இறுகிவிடும்), புகை நிற்காது.

புது சீலே ஒழுகுவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணம். ஒன்று, கிராங்க்கின் கீ வெட்டில் சீலின் உதடு கிழிபடுவது. ஷாஃப்ட்டில் மெல்லிய டேப் சுற்றி, கிரீஸ் தடவி, அதன்மேல் வழுக்கி இறக்க வேண்டும். மற்றொன்று, பழைய சீல் வருடக்கணக்கில் உரசி ஷாஃப்ட்டில் போட்ட பள்ளம். நகத்தால் தடவினால் தட்டுப்படும். சீலை ஒரு மில்லிமீட்டர் தள்ளி உட்கார வைத்தால் உதடு புது இடத்தில் படும்.

வலது பக்கம் டைனமோ. அந்தப் பக்கத்து சீல் போனால் புகை வராது. ஐடிலிங் ஏறி இறங்கும், எஞ்சின் சூடாகும், டைனமோவுக்குள் இருக்கும் பாயிண்ட் (பிளக்கில் பொறி விழவைக்கும் தொடர்பு முனை) எண்ணெயில் நனையும். எஞ்சின் பிரிந்திருக்கும்போதே இரண்டையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

டேங்க்கின் உள்ளே துரு உதிர்கிறது. பக்கத்துக் குரோம் மங்கியிருக்கிறது, ஆனால் உரியவில்லை. ஆசிடில் போட்டு மறுபடி குரோம் பிடிக்கச் சொல்கிறார்கள்.
– வாசகர், ஈரோடு

உரியாத குரோமை விட்டுவிடுங்கள். மறுபடி குரோம் பிடிப்பது என்றால் பழையதை உரித்து, பஃபிங் சக்கரத்தில் தகட்டைத் தேய்த்து, செம்பு, நிக்கல், குரோம் என்று வரிசையாக ஏற்றுவது. அறுபது வருடத் தகடு அந்தத் தேய்ப்பில் மெலிந்து, ஊசித் துளை விழும். துளையை அடைத்தால் அதுவே மேடாகத் தெரியும். மங்கல் போக மெட்டல் பாலிஷும் மல் துணியும் போதும். மங்கலாக இருக்கும் ஒரிஜினல், கண்ணாடி போலப் பளபளக்கும் புதுசைவிட மதிப்பு கூடியது என்பது எங்கள் கட்சி.

உள்பக்கத் துருவுக்கு ஆசிட் வேண்டாம். வழிந்தால் வெளிக் குரோமையும் பெயின்ட்டையும் தின்னும். 10 லிட்டர் தண்ணீருக்கு 150 கிராம் சலவைச் சோடா கலந்து டேங்க்கை நிரப்புங்கள். வாய் வழியாக ஒரு இரும்புக் கம்பியை இறக்குங்கள். டேங்க்கின் எந்தப் பக்கத்திலும் அது படாமல் ரப்பர் டியூப் துண்டால் பிடித்து நிறுத்துங்கள். 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் பாசிட்டிவைக் கம்பிக்கும் நெகட்டிவை டேங்க்குக்கும் கொடுங்கள். மாற்றிக் கொடுத்தால் டேங்க்கே கரையும். ஒரு நாள் விட்டு, கம்பியைத் துடைத்து மறுபடி ஒரு நாள். எவர்சில்வர் கம்பி கூடாது, அதிலிருந்து நச்சுக் குரோமியம் நீரில் கலக்கும். ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் திறந்த வெளியில் செய்யுங்கள், பக்கத்தில் பீடி சிகரெட் ஆகாது. முடிந்ததும் கழுவி, ஹேர் டிரையரால் உலர்த்தி, உடனே பெட்ரோல் ஆயில் கலவையை உள்ளே சுற்றிவிடுங்கள். அரை மணி நேரம் தாமதித்தாலே புதுத் துரு மஞ்சளாகப் படரும்.

ஃபிரேமுக்குப் பவுடர் கோட்டிங் கொடுத்து, வயரிங் முழுவதும் புதிதாக இழுத்தேன். ஹெட்லைட் மெழுகுவர்த்தி மாதிரி எரிகிறது. 6 வோல்ட்டை 12 வோல்ட்டுக்கு மாற்றிவிடலாமா?
– வாசகர், நாகர்கோவில்

மாற்ற வேண்டாம், எர்த் கொடுங்கள். பவுடர் கோட்டிங் நல்ல இன்சுலேட்டர். ஃபிரேம் வழியாகத் திரும்ப வேண்டிய கரன்ட் அங்கே நின்றுவிடுகிறது.

6 வோல்ட்டில் 35 வாட் பல்புக்கு ஏறக்குறைய 6 ஆம்பியர் ஓடும். 12 வோல்ட்டில் அதில் பாதிதான். வழியில் துரு, பெயின்ட் எல்லாம் சேர்ந்து 0.2 ஓம் தடை இருந்தால் 6 வோல்ட்டில் ஒரு வோல்ட்டுக்கு மேல் காணாமல் போகும். வோல்டேஜ் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலே வெளிச்சம் பாதியாகிவிடும். எஞ்சின் மவுன்ட், பேட்டரி எர்த் போல்ட், ஹெட்லைட் கிண்ணம் மூன்று இடத்திலும் உப்புத்தாளால் இரும்பு தெரியத் தேய்த்து, வாஸ்லின் தடவி முறுக்குங்கள். ஹெட்லைட்டிலிருந்து பேட்டரிக்குத் தனியாக 2.5 சதுர மி.மீ. எர்த் வயர் ஒன்றும் இழுங்கள். வீட்டு வயரிங்கின் 1 சதுர மி.மீ. வயர் போதாது.

இன்னொன்று: பவுடர் கோட்டிங்குக்கு முன் சேஸி நம்பரை மறைத்துவிட்டீர்களா? அந்தத் தடித்த பூச்சு நம்பரை மூடிவிட்டால், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பென்சிலால் பிரதி எடுக்க முடியாது.

ராஜ்தூத் 350. இரண்டு முறை பிடித்தது, இரண்டு முறையும் இடது பிஸ்டன்தான். மெயின் ஜெட்டைப் பெரிதாக்கியும் பயனில்லை.
– வாசகர், ஓசூர்

எப்போதும் ஒரே பக்கம் பிடித்தால் அது ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளை) கோளாறு அல்ல. இரண்டு கார்புரேட்டருக்கும் ஒரே ஜெட்தானே போடுகிறோம். யமஹா ஆர்டி 350-ன் வடிவம் இது. வலது பக்கம் கிளட்ச், இடது பக்கம் ஆல்டர்னேட்டர். வலது சீல் போனால் கியர் ஆயில் புகை. இடது சீல் போனால் வெறும் காற்று. காற்று கூடினால் கலவை மெலியும், பிஸ்டன் பிடிக்கும்.

இன்டேக்கையும் எக்ஸாஸ்ட்டையும் ரப்பர் அடைப்பான்களால் மூடி, எஞ்சினுக்குள் 6 பிஎஸ்ஐ காற்று ஏற்றி, ஆறு நிமிடம் கேஜைப் பாருங்கள். இரண்டு பக்கத்தையும் சேர்த்தே அடைக்க வேண்டும், ஏனென்றால் இரண்டு சிலிண்டருக்கும் நடுவிலுள்ள லாபிரிந்த் சீல் முழுக்கக் காற்றைத் தடுக்காது. முள் இறங்கினால் சோப்புத் தண்ணீரைச் சீலில் தடவுங்கள், குமிழி காட்டிக் கொடுக்கும்.

லீக் இல்லையென்றால் இடது பாயிண்ட்டைப் பாருங்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிப் பாயிண்ட், டைமிங்கும் தனித்தனி. பிளக் துளையில் டயல் கேஜ் வைத்து, பிஸ்டன் உச்சிக்கு 2.0 மி.மீ. முன்னால் பாயிண்ட் திறக்க வேண்டும். காதால் கேட்டு டைமிங் வைக்கிற மெக்கானிக்குகளுக்கு இந்த வண்டியைக் கொடுக்காதீர்கள்.

கடைசியாக, இந்த வண்டியில் ஆயிலைத் தனியாக ஊட்டும் ஆயில் பம்ப். குறைந்தபட்ச ஸ்ட்ரோக் 0.20 முதல் 0.25 மி.மீ., ஃபீலர் கேஜால் அளக்கலாம். டியூபில் காற்றுக் குமிழி இருந்தால் ஆயில் போகாது. பம்பைக் கழற்றி மாட்டியபின் ஏர் எடுத்துவிட்டு, முதல் டேங்க்கை மட்டும் பெட்ரோலிலும் ஆயில் கலந்து ஓட்டுங்கள்.

வின்டேஜ் நம்பர் பிளேட் வாங்கினால் தினமும் ஆபீசுக்கு ஓட்டலாமா?
– வாசகர், மதுரை

முடியாது. 2021-ல் வந்த விதிப்படி முதல் பதிவிலிருந்து 50 வருடம் கடந்த, அமைப்பு மாறாத வண்டிக்கு 'விஏ' வரிசை எண் உண்டு. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும்; புதுப்பிக்க 5,000. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். ஏற்கெனவே பதிவு உள்ள வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். தினமும் ஓட்ட ஆசை என்றால் சாதாரண ஆர்.சி.யையே புதுப்பித்து வாருங்கள்.

எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய வண்டிக்கு ஆகுமா?
– வாசகர், புதுச்சேரி

ஓடும். நிற்கும்போதுதான் தொல்லை. எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து டேங்க் அடியில் தனியாகப் படியும். பெட்ரோல் டேப்பின் பழைய ரப்பர் உப்பி, வழி அடைபடும். டேப் வாஷரையும் பெட்ரோல் டியூபையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். மூன்று வாரத்துக்கு மேல் நிறுத்துவதானால் டேப்பை மூடி, எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிட்டு, கார்புரேட்டர் கிண்ணத்தைக் காலி செய்துவிடுங்கள்.