கைட் ரேசிங் போர்டை வீட்டிலேயே செய்ய கார்பன் துணி எத்தனை அடுக்கு போட வேண்டும்?

இரண்டு. சதுர மீட்டருக்கு 200 கிராம் துணி என்றால் மேலேயும் கீழேயும் இரண்டிரண்டு அடுக்கு, அதுவும் சரியான திசையில் போட்டால். கேள்விக்குப் பதில் இவ்வளவுதான். ஆனால் "கடையில் வாங்குவதைவிட வலுவாகவும் எடை குறைவாகவும் வரவேண்டும், மூன்றா நான்கா?" என்று கேட்டிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குப் பழைய காயம் ஒன்று வலித்தது. நானும் அதே கேள்வியோடுதான் ஆரம்பித்தேன். மூன்று போட்டேன்.

உங்கள் நிலைமையை என்னால் ஊகிக்க முடிகிறது. ஃபாயிலில், அதாவது பட்டம் இழுக்க ஓடும் இந்தப் போர்டுக்கு அடியில் மாஸ்ட் என்ற தண்டின் முனையில் இருந்து, தண்ணீருக்குள் ஓடியபடி போர்டை மேலே தூக்கும் இறக்கையில், ஓரளவு பழகிவிட்டீர்கள். ஃபாயில் கையில் இருக்கிறது. போர்டின் விலையைப் பார்த்து மலைத்துப்போய், "இதில் என்ன இருக்கிறது, ஃபோமும் துணியும் பசையும்தானே" என்று தோன்றியிருக்கும். தோன்றியதில் தப்பில்லை. உண்மையிலேயே அது ஃபோமும் துணியும் பசையும்தான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பொறியாளர் இல்லை. இதுவரை நான்கு போர்டு செய்திருக்கிறேன், மூன்று ஓடுகின்றன. படித்தவர்கள் தாராளமாகத் திருத்தலாம். "கம்ப்யூட்டரில் போட்டு விசை கணக்குப் பார்த்தீர்களா" என்று மட்டும் சண்டைக்கு வராதீர்கள். பார்க்கவில்லை.

முதல் போர்டுக்கு ஒரு கன மீட்டருக்கு 15 கிலோ அடர்த்தியுள்ள வெள்ளைத் தெர்மாகோல் வாங்கினேன். எடை குறைய வேண்டுமே! 1.5 மீட்டர் நீளம், 45 சென்டிமீட்டர் அகலம். வெட்டி இழைத்து எடுத்தபோது வெறும் ஃபோம் அரைக் கிலோகூட இல்லை. ஒரு விரலில் தூக்கிக் காட்டிப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன். அப்புறம் மேலேயும் கீழேயும் மூன்று மூன்று அடுக்கு கார்பன், கையாலேயே எபாக்ஸி ரெசின் (இறுகிப்போகும் பசை) பூசி ஒட்டினேன். பளபளவென்று இருக்க வேண்டும் என்று ரெசினைத் தாராளமாக ஊற்றினேன். மேடுபள்ளத்துக்கு ஃபில்லர், அதற்கு மேல் பெயின்ட். தராசில் வைத்தால் ஏறக்குறைய 4 கிலோ.

எப்படி 4 ஆனது என்று பின்னால் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இரண்டு பக்கமும் சேர்த்து பரப்பு சுமார் 1.3 சதுர மீட்டர். ஓர் அடுக்குத் துணி 260 கிராம், மூன்று அடுக்குக்கு 780 கிராம். நன்றாகச் செய்தால் துணியின் எடைக்குச் சமமாக ரெசின் போதும். நான் குடித்துவிட்டவன் மாதிரி இரண்டு மடங்கு ஊற்றியிருக்கிறேன். அதாவது முக்கால் கிலோவுக்கு மேல் ரெசின் எந்த வேலையும் செய்யாமல் சும்மா சவாரி செய்திருக்கிறது. சுமையைத் தாங்குவது நார்தான். ரெசினின் வேலை நாரை அதன் இடத்தில் பிடித்து வைப்பது. மிச்சமெல்லாம் வெறும் பாரம்.

சரி, எடை போனால் போகிறது, வலுவாவது இருக்குமே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அதிலும் மண்.

நான்காவது நாள். நல்ல காற்று, வேகமாக ஒரு ஜைப் அடித்துத் திரும்பி எடையை மறுகாலுக்கு மாற்றினேன். காலுக்குக் கீழே 'சரக்' என்று ஒரு சத்தம். அடுத்த நொடி தண்ணீரில் கிடக்கிறேன். பக்கத்தில் போர்டு சமர்த்தாக மிதக்கிறது. கவிழ்த்துப் பார்த்தால் ஃபாயில் மாட்டும் பெட்டி இருந்த இடத்தில் செவ்வகமாக ஒரு ஓட்டை. பெட்டி, மாஸ்ட், இறக்கை எல்லாம் கடலுக்கு அடியில். போர்டுக்கு ஆன செலவைவிட அந்த ஃபாயில் பல மடங்கு. கைட்டைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இழுபட்டே கரைக்கு வந்தேன். அந்த நேரத்தில் மனதில் ஓடியதை இங்கே எழுத முடியாது.

வீட்டுக்கு வந்து போர்டை அறுத்துப் பார்த்தேன். எனக்கு எல்லாம் புரிந்தது அன்றைக்குத்தான். கார்பனில் எங்கும் விரிசல் இல்லை. பசையும் விடவில்லை. குழியின் சுவரில் பசைக்கு ஒரு மில்லிமீட்டர் அந்தப் பக்கம் தெர்மாகோல் மணிமணியாகக் கிழிந்திருந்தது. பெட்டியை ஃபோமில் குழி தோண்டி ஒட்டி, அடிப்பக்கக் கார்பனோடு மட்டும் சேர்த்திருந்தேன். மேல்தளத்துக்கும் பெட்டிக்கும் தொடர்பே இல்லை.

ஒரு மீட்டர் மாஸ்ட் என்பது நெம்புகோல். கடப்பாரையால் மரத்தின் அடிக்கட்டையை நெம்பி எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே கதைதான். கீழே ஃபாயில் பக்கவாட்டில் 40 கிலோ அளவுக்குத் தள்ளினால், மேலே 8 சென்டிமீட்டர் ஆழப் பெட்டியில் அது பத்து மடங்குக்கு மேல் பெருகி, 400 கிலோவைத் தாண்டி நெம்பும். அதைத் தாங்கும் என்று நான் நம்பியது, விரலால் அழுத்தினால் குழி விழும் பொருளை. மேலே முப்பது அடுக்கு போட்டிருந்தாலும் அது கழன்றுதான் போயிருக்கும்.

இரண்டாவது போர்டில் பெட்டி இருக்கும் இடத்தில் தெர்மாகோலை அடிமுதல் மேல்தளம்வரை முழுக்க வெட்டி எடுத்துவிட்டேன். அங்கே ஒரு கன மீட்டருக்கு 80 கிலோ அடர்த்தியுள்ள பி.வி.சி. ஃபோம் கட்டையை வைத்து, அதற்குள் பெட்டியைப் பொருத்தினேன். கட்டையைச் சுற்றி நார் 45 டிகிரியில் ஓடும்படி கார்பன் துணியைச் சுற்றி, அதன் ஓரங்களை மேல் தோலோடும் அடித்தோலோடும் (ஃபோமின் மேலும் கீழும் ஒட்டிய கார்பனைத்தான் தோல் என்கிறேன்) மடக்கி ஒட்டினேன். இரண்டு தோலையும் இணைக்கும் சுவர் அது. ரயில் தண்டவாளத்தின் நடுத்தண்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஒட்டுத் துண்டுகள், ஒன்றைவிட ஒன்று சற்றுப் பெரியதாக. எல்லாவற்றையும் ஒரே அளவில் வெட்டினால் துண்டு முடியும் ஓரத்தில் விறைப்பு சட்டென்று மாறும், விரிசல் அங்கேதான் ஆரம்பிக்கும்.

மற்ற இடமெல்லாம் இரண்டே அடுக்கு. ஒன்றில் நார் நீளவாக்கில் ஓடுகிறது, போர்டு வளையாமல் இருக்க. மற்றது 45 டிகிரி, முறுக்கு விழாமல் இருக்க. ஓட்டும்போது பலகை தண்ணீரைத் தொடுவதே இல்லை, காலால் சொல்வதை மாஸ்டுக்குக் கடத்துவதுதான் அதன் வேலை. பலகை முறுகினால் நீங்கள் ஒன்று சொல்ல ஃபாயில் வேறொன்றைக் கேட்கும். இன்னும் விறைப்பு வேண்டுமென்றால் துணியைக் கூட்டாமல் தடிமனைக் கூட்டுங்கள். தோல்களுக்கு இடையிலான தூரம் இரட்டிப்பானால் வளைவுக்கான விறைப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகும், கூடுகிற எடை ஃபோமின் எடை மட்டுமே. குதிகால் விழும் இடத்தில் மட்டும் 3 மில்லிமீட்டர் பி.வி.சி. ஃபோம் தகடு ஒன்றை மேல் தோலுக்கு அடியில் சேர்த்தேன், இல்லாவிட்டால் ஒரே மாதத்தில் அங்கே பள்ளம் விழும்.

ஒட்டியது வாக்குவம் பையில், அதாவது பம்பால் காற்றை உறிஞ்சி எடுத்தால் போர்டை அமுக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் பையில். துணிக்கு மேல் பீல் ப்ளை (இறுகிய பிறகு உரித்தெடுக்கும் துணி), ஓட்டை போட்ட பிளாஸ்டிக் தாள், உறிஞ்சும் பஞ்சுத்துணி, பிறகு பை. அதிக ரெசினெல்லாம் பஞ்சுக்குப் போய்விடும். பம்பை முழு வேகத்தில் விடாதீர்கள். முழு வெற்றிடம் என்றால் சதுர மீட்டருக்குப் பத்து டன் அழுத்தம், லேசான தெர்மாகோல் நசுங்கி உருமாறிவிடும். நான் பாதிக்கும் குறைவாக வைத்தேன். பாலியெஸ்டர் ரெசின் மலிவு என்று அந்தப் பக்கம் போய்விடவும் வேண்டாம், அதிலுள்ள ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைத்துவிடும். எபாக்ஸி ஒன்றும் செய்யாது. ஹார்டனரை (ரெசினை இறுக வைக்கும் திரவம்) கண்ணளவில் ஊற்றாமல் தராசில் வைத்து அளந்து கலக்குங்கள். கூடப் போட்டால் சீக்கிரம் இறுகும் என்பது எபாக்ஸியில் எடுபடாது, ஒட்டும் பதத்திலேயே நின்றுவிடும்.

இந்த இரண்டாவது போர்டு 2.5 கிலோ. ஃபோமை 20 கிலோ அடர்த்திக்கு ஏற்றியும் இவ்வளவுதான். மூன்று வருடமாக ஓடுகிறது. பெட்டி அசையவில்லை.

பெயின்டைப் பற்றி ஒரு வார்த்தை. கார்பன் கறுப்பு தெரிய வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. வெயிலில் கிடந்தால் கறுப்புத் தோல் கொதிக்கும், சூடேற்றிப் பதப்படுத்தாத எபாக்ஸி 50, 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும், உள்ளே தெர்மாகோலில் இருக்கும் காற்று விரியும். தோல் கொப்புளமாக எழும்பிவிடும். மூன்றாவது போர்டில் பட்டது. மெல்லிசாக வெள்ளை அடியுங்கள், காற்று போக ஒரு வென்ட் திருகு வையுங்கள்.

அப்புறம் கையுறை. இதில் நான் கொஞ்சம் கத்துவேன், மன்னிக்கவும். வீடியோக்களில் வெறுங்கையால் ரெசின் தடவுகிறார்களே, அவர்களைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நானும் அப்படித்தான் தடவினேன், ஒட்டியதை அசிட்டோனால் கழுவினேன். முதல் இரண்டு போர்டில் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவதில் மணிக்கட்டுவரை கொப்புளம், அரிப்பு. எபாக்ஸி ஒவ்வாமை ஒருமுறை வந்தால் போகாது. இப்போது டப்பாவைத் திறந்தாலே கை அரிக்கிறது. கார்பனைத் தேய்க்கும்போது முகமூடியும் கட்டாயம்.

இந்தக் கையை வைத்துக்கொண்டு மற்றவர்களுக்கும் வேலை செய்ய வேண்டியிருக்கிறது, அதுதான் கொடுமை. "மச்சான், உனக்குத்தான் ஃபைபர் வேலை தெரியுமே" என்று ஆரம்பிப்பார்கள். போர்டில் ஒரு கீறல் என்றால் பரவாயில்லை, நம் ஆட்கள். ஸ்கூட்டர் முன்தகடு வந்தது. உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. தண்ணீர்த் தொட்டி மூடிகூட வந்தது. ரெசின் என்ன விலை என்று ஒருவர் கேட்டதில்லை. நாற்காலியை ஒட்டிக் கொடுத்தேன், பிளாஸ்டிக்கில் எபாக்ஸி சரியாகப் பிடிக்காது என்று சொல்லித்தான் கொடுத்தேன், அவர் விழுந்துவிட்டு இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. சரி, விடுங்கள்.

இன்னொன்று, போட்டிக் கனவு இருந்தால். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மார்செய் கடலில் நடந்ததே ஃபார்முலா கைட், அந்த வகுப்பில் பதிவு செய்யப்பட்ட தயாரிப்புப் போர்டுகளுக்கு மட்டுமே இடம். வீட்டில் செய்தது எவ்வளவு நன்றாக இருந்தாலும் சேர்க்க மாட்டார்கள். நண்பர்களோடு ஓட்ட, பழக, உள்ளூர்ப் பந்தயத்துக்கு என்றால் தாராளமாகச் செய்யுங்கள்.

கார்பனோடு கெவ்லாரையும் (குண்டு துளைக்காத உடைகளில் வரும் நார்த்துணி) கலந்து போடலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். சாதாரணக் கத்தரி அதை வெட்டாது, தேய்த்தால் தேங்காய் நார் மாதிரி பிசிறு கிளம்பும், அமுக்கத்தில் கார்பன் தாங்குவதில் பாதிகூடத் தாங்காது. நான் ஆசைப்பட்டு வாங்கிய இரண்டு மீட்டர் பரணில் அப்படியே கிடக்கிறது. வேண்டுமென்றால் சொல்லுங்கள், தருகிறேன்.