வரத்துக்கால் இல்லாத ஏரி: கேள்வி பதில்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்திலுள்ள கிரேட்டர் ஏரியைப் பற்றி மதுரை வட்டார அன்பர்கள் அனுப்பிய வினாக்களுக்கு விடையளிக்கிறேன்.

எரிமலையின் வாயில் மழைநீர் தேங்கி உண்டானதுதானே அந்த ஏரி? (திருமங்கலம்)

வாய் என்பதைவிட இடிந்த கூரை என்பது பொருந்தும். ஏறத்தாழ 7,700 ஆண்டுகளுக்கு முன் மசாமா எரிமலை வெடித்து, அடியிலிருந்த பாறைக்குழம்பைப் பெருமளவு வெளியேற்றியதும், தாங்குவதற்கு ஏதுமின்றி மலையின் உச்சி உள்நோக்கிச் சரிந்தது. அந்தப் பள்ளத்தின் இன்றைய நீராழம் 594 மீட்டர்.

எங்கள் கண்மாய்க்கு வரத்துக்கால், மடை, கலுங்கு மூன்றும் உண்டு. அந்த ஏரி எப்படி நிரம்புகிறது, ஏன் உடைவதில்லை? (மேலூர், விவசாயி)

கண்மாய் பார்த்து வளர்ந்தவருக்கே தோன்றக்கூடிய கேள்வி. ஏரிக்குள் ஆறு எதுவும் வருவதில்லை, ஏரியிலிருந்தும் எதுவும் புறப்படுவதில்லை. அதை நிரப்பியது பனியும் மழையுமே, அதற்கும் சில நூறு ஆண்டுகள் பிடித்தன. ஆவியாவதும் கசிவதும் ஆண்டு வரத்துக்கு ஏறக்குறைய ஈடாகிவிடுவதால் நீர்மட்டம் பெரிதாக மாறுவதில்லை. வடபுறச் சுவரில் நீர் எளிதில் ஊடுருவும் பாறையடுக்கு ஒன்று இருக்கிறது. மட்டம் உயர்ந்தால் அதன் வழியே கசிவும் கூடுகிறது. ஆகவே கலுங்கு இல்லை என்று சொல்வதற்கில்லை, அது கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். வண்டலைச் சுமந்துவரும் ஆறு இல்லாததால் நீர் மிகத் தெளிவாக இருக்கிறது. 100 மீட்டருக்குக் கீழேயும் ஒளி எட்டி, அங்கே பாசிபோன்ற சிறு தாவரங்கள் வளர்கின்றன.

அதில் மீன் உண்டா? (சோழவந்தான்)

இயற்கையாக இல்லை; ஆறில்லாத ஏரிக்கு மீன் எவ்வழி வரும்? 1888 முதல் மனிதர்களே மீன்குஞ்சுகளை விட்டார்கள். 1941 வரை விட்ட பல இனங்களில் வானவில் டிரவுட்டும் கோக்கனி சால்மனும் மட்டுமே நிலைத்தன. அந்த மீன்களுக்கு இரையாகட்டும் என்று 1915இல் க்ரேஃபிஷ் என்னும் கொடுக்குடைய நன்னீர் உயிரியையும் கொண்டுவந்து விட்டார்கள். இரையாக வந்தது இப்போது கரையோரமெங்கும் பெருகி, அந்த ஏரிக்கே உரிய மசாமா நியூட்டை, அதாவது பல்லியின் தோற்றமும் தவளையின் உறவும் கொண்ட சிற்றுயிரை, விழுங்கியும் விரட்டியும் ஒடுக்கிவருகிறது. நல்லெண்ணத்தோடு செய்த காரியம் என்றாலும் எனக்கு அதை மன்னிக்க மனம் வரவில்லை.

திருப்பரங்குன்றத்து மலைச்சுனையும் எரிமலைப் பள்ளமா?

இல்லை. மதுரைக் குன்றுகள் 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர், நிலத்தின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய பாறைகள். வெயிலும் மழையும் அரித்த குழிகளே சுனைகள். மகாராட்டிரத்து லோணார் ஏரியோ எரிமலைப் பாறைமீது விண்கல் விழுந்து உண்டானது.

இத்தகைய ஏரிகள் ஆபத்தானவையா? (உசிலம்பட்டி)

சில ஆபத்தானவை. கேமரூனின் நியோஸ் ஏரியடியில் கரைந்து சேர்ந்திருந்த கரியமில வாயு 1986 ஆகஸ்ட் 21 இரவு திடீரென மேலெழுந்து, பள்ளத்தாக்குகளில் பரவி, ஏறத்தாழ 1,700 பேரை மூச்சுத்திணறச் செய்து கொன்றது. அங்கே மேல்நீரும் அடிநீரும் எளிதில் கலப்பதில்லை. கிரேட்டர் ஏரியிலோ குளிர்காலத்தில் குளிர்ந்த மேல்நீர் அவ்வப்போது அடிவரை இறங்கிக் கலப்பதால் வாயு அவ்வாறு தேங்குவதில்லை. நியோஸில் 2001 முதல் நெடுங்குழாய் பதித்து, அடிநீரைப் பீறிட வைத்து, வாயுவைச் சிறிது சிறிதாக வெளியேற்றிவருகிறார்கள்.