அம்மா தைத்து வைத்த அம்புலிமாமா

கேள்வி: காலமான என் தாயாரின் றங்குப் பெட்டியில், அவர் கையால் தைத்துச் சேர்த்த பழைய அம்புலிமாமா இதழ்த் தொகுப்பொன்று கிடைத்தது. ஓரங்களை இராமபாணப் பூச்சி அரித்துள்ளது. ஏடுகளை லமினேட் செய்து அலுமாரியில் பூட்டிவைக்க விரும்புகிறேன்; எட்டு வயது மகனிடம் கொடுக்கலாம் என்கிறார் கணவர். வேதாளம் வாய்விட்டுச் சிரிக்கும் படமொன்று என் நினைவில் தெளிவாக நிற்கிறது. தொகுப்பில் அது எங்குமே இல்லை. என் நினைவு பிழையா?
— வாசகி, உவர்மலை, திருகோணமலை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, லமினேட் செய்ய வேண்டாம். அதற்குத் தையலைப் பிரித்தாக வேண்டும். அம்மாவின் கைவேலை அத்தோடு போய்விடும், சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் தாளுக்குச் சேதமின்றிப் பின்னர் உரிக்கவும் இயலாது. செலோரேப்பும் ஆகாது, நாளடைவில் அதன் பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கும். கிழிசல்களை மெல்லிய தாளும் மாப்பசையும் கொண்டு ஒட்டி, நிழலில் உலர விடுங்கள். நம்மூர்க் கடற்காற்றின் ஈரம் அந்தப் பூச்சிக்கு மிகத் தோதானது என்பதால், பூட்டிக் கிடக்கும் புத்தகத்தைவிட அடிக்கடி எடுத்துத் தட்டி விரிக்கும் புத்தகமே தப்பும். உங்கள் கணவர் சொல்வது சரி.

அம்புலிமாமாவின் வேதாளக் கதைகளில், உருவிய வாளோடும் தோளில் பிணத்தோடும் விக்கிரமாதித்தன் நடக்கும் அந்தப் படத்தை வரைந்தவர் ஓவியர் சங்கர். 2020 இல், தொண்ணூறைக் கடந்த வயதில் மறைந்தார். அவருடைய கோடுகள் நம் தலைமுறைக்கு மயானத்தையும் முருங்கை மரத்தையும் காட்டின. ஆனால் வேதாளத்தின் குரலை, எழுத்துக் கூட்டத் தெரியாத வயதில், பக்கத்தில் இருந்து வாசித்தவர்தான் நமக்குத் தந்தார். நீங்கள் படத்தில் கண்டதாக நம்பும் சிரிப்பு, அம்மா வாசிக்கும்போது சிரித்துக் காட்டியதாகவே இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அதைப் பிழை என்று தள்ளிவிடாதீர்கள். மகனை அருகில் இருத்தி, அதே இடத்தில் அதே போலச் சிரித்து வாசியுங்கள்.

ஒரு வேண்டுகோள். நோயுற்ற தாய்க்காகக் கோணேசர் மலையையே பெயர்க்க முனைந்த இராவணனின் கதையை, என் சிறுவயதில் கைக்கு வந்த படக்கதை எதிலும் நான் கண்டதில்லை. அம்மம்மா கையை ஓங்கிக் காட்டியதே எனக்குக் கிடைத்த படம். மகனை இராவணன் வெட்டுக்கு அழைத்துச் சென்று, இராவணன் வாளால் வெட்டியது என்று சொல்லப்படும் அந்தப் பாறைப் பிளவைக் காட்டி, கதையைச் சொல்லுங்கள். அவன் வரைந்து தரும் இராவணனைத் தொகுப்பின் கடைசி ஏட்டுக்குள் செருகி வையுங்கள்.