கடையில் பளபளக்கிற ஹெட்லைட், கனகராயன்குளத்தில் எப்படி எரியும்?

கேள்வி: ஐயா, எங்களிடம் 2007ஆம் ஆண்டு விட்ஸ் கார் இருக்கிறது. இரண்டு ஹெட்லைட்டும் மஞ்சளாகி, புகை பிடித்த சிமினி மாதிரி ஆகிவிட்டன. வவுனியாவிலிருந்து பொழுதுபட்டுத் திரும்பினால் ஓமந்தைக்கு இங்கால் ரோட்டே தெரிவதில்லை. புது தாய்வான் லைட் சோடி 34,000 ரூபாவுக்குப் பூட்டித் தருவதாகக் கராஜ் தம்பி சொல்கிறார். ரீகண்டிஷன் (ஜப்பானில் ஓடிய காரில் கழற்றியது) என்றால் 70,000 ஆகுமாம். கணவர் மலிவானதையே போடச் சொல்கிறார். என்ன செய்யலாம்? (ஆசிரியை, கிளிநொச்சி)

பதில்: டீச்சர், கராஜ் தம்பிக்கு ஓம் சொல்ல முதல் ஒரு கோப்பைத் தண்ணீரை எடுத்து லைட்டின் முகத்தில் ஊற்றிப் பாருங்கள். ஈரம் காயுமுன் லைட் தெளிந்து, உள்ளே இருக்கிற வெள்ளிப் பூச்சு பளிச்சென்று தெரிந்தால் பழுது வெளித்தோலில் மட்டும்தான். அந்த முகம் கண்ணாடி இல்லை, பொலிகாபனேற் என்கிற பிளாஸ்டிக். வெயிலைத் தாங்குவதற்காக அதன் மேல் ஒரு மெல்லிய பூச்சுப் பூசித்தான் கம்பனியில் இருந்து வருகிறது. வன்னி வெயிலில் வருடக் கணக்காக நின்றால் அந்தப் பூச்சு செத்துப்போகும், பிளாஸ்டிக் மஞ்சளாகும். பெயின்ட் வேலை தெரிந்த ஒருவர் 800, 1500, 2000 என்று இலக்கம் கூடக்கூட மென்மையாகிற வோட்டர் பேப்பரால் (தண்ணீர் தொட்டு உரசும் தாள்) படிப்படியாக உரசி, கொம்பவுண்ட் என்கிற மினுக்கும் பசை போட்டு மினுக்கி, கடைசியில் வெயில் தாங்கும் கிளியர் என்கிற நிறமில்லாப் பூச்சு அடித்துத் தந்தால் புது லைட் வாங்கவே தேவையில்லாமல் போகலாம். அந்தக் கடைசிப் பூச்சை மட்டும் விடச் சம்மதிக்காதீர்கள். பற்பசை தேய்க்கிற வைத்தியம் சில மாதத்தில் பழையபடி மஞ்சளாவது அது இல்லாததால்தான்.

தண்ணீர் ஊற்றியும் தெளியவில்லை, உள்ளே வெள்ளி கருகி உரிந்திருக்கிறது என்றால் வெளியே எவ்வளவு மினுக்கியும் பலனில்லை. அப்போது மாற்றத்தான் வேண்டும்.

இன்னொன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சின் ஓடும்போது, லைட்டைப் போட்டுவிட்டு, பல்பின் சொக்கெற்றில் எத்தனை வோல்ட் வருகிறது என்று அளக்க வேண்டும். ஹலோஜன் பல்புக்கு வோல்ட் 10 வீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். துருப்பிடித்த ஒரு ஏர்த் வயரைச் சுரண்டி இறுக்கியதிலேயே கண் திறந்த கார்கள் உண்டு. வெளிச்சம் காணாது என்று 100 வோட் பல்ப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். 60/55 வோட்டுக்குச் செய்த சொக்கெற் அந்தச் சூட்டில் உருகும், அதோடு வெள்ளிப் பூச்சும் கருகும்.

சரி, மாற்றியே ஆக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தாய்வானில் நல்ல லைட் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். டெப்போ, ரிவைசி (TYC) என்று பெட்டியிலேயே பேர் போட்டு வரும். ஆனால் எங்கள் கடைகளில் ‘தாய்வான்’ என்பது நாட்டின் பேராக இல்லாமல் விலையின் பேராகிவிட்டது. பெட்டியில் பேர் இல்லை, லைட்டின் முகத்தில் வட்டத்துக்குள் ஆங்கில ஈ எழுத்தும் இலக்கமும் கொண்ட முத்திரை இல்லை என்றால் அது எந்த ஊர்ச் சாமான் என்று கடைக்காரருக்கும் தெரியாது. முத்திரை இருந்தால் மட்டும் முழுதாக நம்பலாம் என்றும் இல்லை, அச்சடிக்கப் பெரிய செலவில்லை. அதுகூட இல்லாததைத் தொட வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

நானும் ஒருமுறை அப்படி ஒரு சோடி வாங்கினேன். பத்து மணி வெயிலில், கடை வாசலில், கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. மூன்றாம் நாள் இரவு கனகராயன்குளம் பக்கம் வருகிறேன், எதிரே வந்த பஸ்காரர் விடாமல் லைட் அடிக்கிறார். பார்த்தால் என் வெளிச்சம் பாலைமரக் கொப்பில் நிற்கிறது, ரோட்டில் இல்லை. மழைக்காலத்தில் சூடு தேடித் தாரில் வந்து படுக்கிற மாடுகள் உங்களுக்குத் தெரியும்தானே. ஒன்றின் கொம்பு தெரிந்தபோது எனக்கும் அதற்கும் நடுவில் பத்தடிகூட இல்லை. தப்பியது அந்த மாட்டின் புண்ணியம். அடுத்த நாள் வெளிச்சத்தைக் கீழே இறக்கப் போனால், உயரம் திருத்துகிற ஆணி பிளாஸ்டிக்குக்குள் சும்மா சுழல்கிறது, பிடிக்கவில்லை. கார்த்திகை மழை தொடங்க உள்ளே விரற்கடை தண்ணீர். மீன் ஒன்றுதான் விடவில்லை. கடைக்குக் கொண்டுபோனேன். பில்லில் ‘லைட் 2’ என்று மட்டும் எழுதியிருந்தது, அதை வைத்து என்ன கதைப்பது?

அதனால் உங்கள் கணவரோடு சண்டை பிடிக்காமல் இப்படிச் செய்யலாம். முதலில் மினுக்கிப் பாருங்கள், மிச்சக் காசைக் கையில் வையுங்கள். அது சரிவராவிட்டால் என் வாக்கு ரீகண்டிஷனுக்குத்தான். ஜப்பானும் நாங்களும் இடப்பக்கம் ஓடுகிறவர்கள், அங்கே கழற்றிய லைட் இங்கே அப்படியே பொருந்தும். கொழும்பில் பழைய சாமான் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் இருந்து எடுப்பித்தாலும் பூட்ட முதல் கையில் வாங்கிப் பாருங்கள். முகத்தின் ஓரத்தில் கொய்டோ, ஸ்டான்லி, இச்சிக்கோ என்று ஏதாவது ஒரு பேரும் ஒரு இலக்கமும் இருக்கும். அந்த இலக்கம் உங்கள் பழைய லைட்டில் இருப்பதோடு ஒத்துவர வேண்டும். லைட்டைக் காரில் பூட்டுகிற காதுகள் எல்லாம் முழுதாக இருக்கின்றனவா? உடைந்த காதைச் சூடு காட்டி ஒட்டிக் கறுப்பு அடித்து வைத்திருப்பார்கள், நகத்தால் சுரண்டினால் தெரியும். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி 2025இல் திரும்பத் தொடங்கும்வரை ஊரில் எல்லாரும் பழைய காரையே தேய்த்து ஓட்டினோம், அதனால் நல்ல பழைய லைட்டுக்கு மவுசு கூடிவிட்டது. 70,000 என்றதும் ஓம் என்று சொல்லாமல் இரண்டு இடத்தில் விலை கேளுங்கள்.

கேள்வி: அண்ணை, நான் ஹயேஸ் வான் ஹயருக்கு ஓடுகிறேன். போன மாதம் புது லைட் இரண்டும் எல்ஈடி பல்பும் போட்டேன். எனக்கு வெளிச்சம் நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் டிம்மில் (தாழ்ந்த வெளிச்சத்தில்) போனாலும் எதிரே வருகிறவன் எல்லாம் லைட் அடித்துப் பேசிவிட்டுப் போகிறான். யாரில் பிழை? (மல்லாவி வாசகர்)

பதில்: தம்பி, பிழை உங்கள் வானில்தான், அதுவும் இரண்டு இடத்தில் இருக்கலாம்.

முதலாவது பல்ப். பழைய எச்4 பல்ப் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளே இரண்டு இழை இருக்கும், அதில் டிம் இழைக்குக் கீழே சின்னக் கரண்டி மாதிரி ஒரு தகடு இருக்கும். வெளிச்சம் கீழ்ப்பக்கம் பட்டு மேலே தெறிக்காமல் மறைக்கிறது அதுதான். அந்த இழை நிற்கிற புள்ளியைக் கணக்கிட்டுத்தான் பின்னால் இருக்கிற வெள்ளிக் கிண்ணத்தையே வளைத்திருக்கிறார்கள். மலிவான எல்ஈடியில் ஒளி வருகிற இடம் ஒரு மயிரிழை தள்ளி நின்றாலும் கணக்குக் குழம்பி, வெளிச்சம் சிதறி எதிராளியின் கண்ணுக்குப் போகும். உங்கள் மூக்குக்கு முன்னால் வெள்ளையாக அடிப்பதால் நல்ல வெளிச்சம் மாதிரி இருக்கிறது. தூரத்தில் பின்லைட் இல்லாமல் போகிற லான்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) அதில் தெரியுமா என்று பாருங்கள். ஹலோஜனைத் திருப்பிப் போடுங்கள்.

இரண்டாவது, லைட்டே பக்கம் மாறி வந்திருக்கலாம். ஹயேஸ் உலகம் முழுதும் ஓடுகிற வான், வலப்பக்கம் ஓடுகிற வளைகுடா நாடுகளுக்கும் இதே முகத்தோடு லைட் செய்கிறார்கள். பூட்டினால் அச்சாகப் பொருந்தும். வெளிச்சம் மட்டும் பக்கம் மாறி விழும்.

பார்ப்பது சுகம். இருட்டினபிறகு, மட்டமான நிலத்தில், ஒரு மதிலுக்கு முன்னால் 10 மீற்றர் தள்ளி வானை நிறுத்துங்கள். பாடசாலை மதில், நெல் களஞ்சியச் சுவர், எதுவானாலும் சரி. ரயரில் காற்றுச் சரியாக இருக்கட்டும், சீற்றில் ஒருவர் இருக்கட்டும். நிலத்தில் இருந்து லைட்டின் நடு எவ்வளவு உயரம் என்று அளந்து, அதே உயரத்தில் மதிலில் கரியால் ஒரு கோடு போடுங்கள். டிம் போட்டால் வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்குக் கிட்டத்தட்ட 10 சென்ரிமீற்றர் கீழே, வெட்டினமாதிரி நிற்க வேண்டும். இடக்கைப் பக்கம், அதாவது ரோட்டோரம், அந்த விளிம்பு கொஞ்சம் மேலே ஏற வேண்டும். சைக்கிள்காரரும் மாடும் நிற்கிற பக்கம் அதுதானே. வலக்கைப் பக்கம் ஏறினால் அந்த லைட் எங்கள் நாட்டுக்குச் செய்ததில்லை, ஆணியைத் திருகித் திருத்த முடியாது. அடுத்த முறை வாங்கும்போது லைட்டுக்கு நேர் முன்னால் நின்று முகத்தில் அம்புக்குறி தேடுங்கள். அம்பு உங்கள் வலக்கைப் பக்கம் காட்டினால் இடப்பக்கம் ஓடுகிற எங்களுக்கானது. இரண்டு பக்கமும் காட்டினால் மாற்றிப் போடக்கூடியது.

பின்னுக்குச் சாமான் ஏற்றினால் முன்பக்கம் தூக்கும், வெளிச்சமும் தூக்கும். ஸ்டியரிங் பக்கத்தில் 0 முதல் இலக்கம் போட்ட சின்னச் சில்லு இருந்தால் சாமான் ஏற்றிய நாளில் இலக்கத்தைக் கூட்டுங்கள், வெளிச்சம் இறங்கும்.

கேள்வி: வாங்கி ஒரு மாதத்தில் லைட்டுக்குள் தண்ணீர். ‘விற்ற பொருள் மீளப் பெறப்படமாட்டாது’ என்று எழுதிக் கொழுவியிருப்பதைக் கடைக்காரர் காட்டுகிறார். அவ்வளவுதானா? (புதுக்குடியிருப்பு வாசகர்)

பதில்: இல்லை. போர்டு எழுதிக் கொழுவினால் சட்டம் ஓடிப்போகாது. 1896ஆம் ஆண்டில் இருந்தே பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இருக்கிறது, என்ன சாமான் என்று சொல்லி விற்றாரோ அதுவாக அது இருக்க வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி நீங்கள் கேட்டால் பற்றுச்சீட்டுத் தரத்தான் வேண்டும். எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வாங்கிய நாளில் இருந்து மூன்று மாதம் இருக்கிறது, உங்களுக்கு இன்னும் இரண்டு மாதம் கையில். அந்த அதிகார சபையின் 1977 தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள். அதற்கு முதல் தண்ணீர் தெரிகிறமாதிரி இரண்டு படம் எடுங்கள், நீங்களே திறந்து சிலிக்கன் பூச வேண்டாம். பூசினால் ‘நீதான் உடைத்தாய்’ என்பார்கள். முகத்தில் லேசாக ஆவி படிந்து, லைட் போட்டதும் மறைந்தால் அது பழுதில்லை, நல்ல லைட்டிலும் வரும்.

கேள்வி: கழற்றிய பழைய லைட்டைக் கராஜிலேயே விட்டுவிடலாமா? (மாங்குளம் வாசகர்)

பதில்: விடாதீர்கள். பின்மூடி ரப்பர், பல்ப் சொக்கெற், லைட்டை ஏற்றி இறக்கும் மோட்டர் எல்லாம் அதில்தான் ஒரிஜினலாக இருக்கின்றன. புது லைட்டோடு அவை பெரும்பாலும் வராது, வந்தாலும் நிற்காது. நீங்கள் விட்டுவிட்டு வருகிற லைட்டை மினுக்கி, வேறொருவருக்கு ரீகண்டிஷன் என்று விற்பதும் நடக்கும். வீட்டுக்குக் கொண்டுபோய்க் கோழிக்கூட்டுக்கு மேலே போட்டுவைத்தாலும் பரவாயில்லை.