அப்பாவுக்குக் கிளாக்கோமா (கண் அழுத்த நோய்). கண்புரை மாதிரி "முற்றட்டும், பார்த்துக்கலாம்" என்கிறார். விடலாமா?

விடவே கூடாது. மண்டபம், பாம்பன் பக்கம் உங்கள் அப்பாவைப் போலச் சொல்பவர்கள் நிறைய. புரையை எடுத்தால் பார்வை திரும்பும். கிளாக்கோமாவில் கெடுவது கண் நரம்பு, போனது போனதுதான். பெரும்பாலும் வலி இருக்காது, ஓரப் பார்வைதான் முதலில் போகும். என் பெரியப்பா மீன் வலையின் கிழிசலை ஒவ்வொரு வலைக்கண்ணாகப் பார்த்து முடிச்சுப் போடுவார். ஆனால் பக்கத்தில் வைத்த டீ கிளாஸைத் தட்டிவிடுவார். வயசு என்று விட்டுவிட்டோம், இன்றும் உறுத்துகிறது.

தென் தமிழகக் கிராமங்களில் அரவிந்த் கண் மருத்துவமனை நடத்தி 2003இல் வெளியான ஆய்வில், இதன் பொதுவான வகை இருந்தவர்களில் 10 பேரில் 9 பேருக்கு மேல் அதுவரை நோய் கண்டறியப்பட்டிருக்கவில்லை.

சொட்டு மருந்து பார்வையைக் கூட்டாது, மிச்சத்தைக் காக்கும்; அப்பாவை நிறுத்தவிடாதீர்கள். அப்புறம், இது குடும்பத்தில் வரும். நீங்களும் கண் அழுத்தம், நரம்பு இரண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக் கடைச் சோதனை போதாது.