மார்ச் 12-லிருந்து எடுத்த பணம்

கேள்வி: என் கணவர் அருவங்காடு கார்டைட் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கடந்த மார்ச் 11-ஆம் தேதி, 71 வயதில் இறந்துவிட்டார். எங்கள் இருவர் பெயரிலும் உள்ள கணக்கில் அவருடைய பென்ஷன் அக்டோபர் வரை வந்துகொண்டே இருந்தது, மகன் ஏ.டி.எம். கார்டில் எடுத்துவந்தான். இப்போது லைஃப் சர்டிபிகேட் கேட்டு வங்கியிலிருந்து போன் வர, அப்பா கோவையில் சிகிச்சையில் இருக்கிறார் என்று சொல்லிவிட்டான். இதைத் தெரிந்துகொண்ட கொழுந்தனார், 'பென்ஷனில் பாதி எனக்கு என்று அண்ணன் எழுதிக் கொடுத்திருக்கிறார். தராவிட்டால் வங்கியில் சொல்லிவிடுவேன்' என்று மிரட்டுகிறார். பதினாறாம் நாள் காரியத்துக்குக்கூட வராதவர். அவர் மேல் போலீசில் புகார் கொடுக்கலாமா? பி.பி.ஓ.வில் (பென்ஷன் வழங்கும் ஆணையில்) பென்ஷன் 20,000, குடும்ப ஓய்வூதியம் 12,000 என்று இருக்கிறது. தேயிலை ஃபேக்டரியில் நான் வேலை பார்த்ததற்கு வரும் பி.எஃப். பென்ஷன் இனி நின்றுவிடுமா?
– ஒரு வாசகி, ஜெகதளா

பதில்: அம்மா, நான்கு பக்கக் கடிதத்தில் மூன்றரைப் பக்கம் கொழுந்தனார்தான். அவரை முதலில் முடித்துவிடுகிறேன். குடும்ப ஓய்வூதியம் இறந்தவர் விட்டுப்போன சொத்து அல்ல. அதை உயில் எழுதி யாருக்கும் கொடுக்க முடியாது என்று 1991-லேயே வயலட் ஐசக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மனைவி இருக்கும்போது தம்பிக்கு அதில் இடமில்லை. அவர் கையில் இருப்பது முத்திரைத்தாளானாலும் சரி, சிகரெட் அட்டையானாலும் சரி. காரியத்துக்கு வந்தாரா இல்லையா என்பது உங்கள் மனத்தாங்கல், வழக்கு அல்ல.

வழக்காகக்கூடியது ஒன்றே ஒன்று: மார்ச் 12-லிருந்து எடுத்த பணம்.

உங்கள் கணவரின் ஓய்வூதியம் அவர் இறந்த நாளோடு முடிந்துவிட்டது. மறுநாளிலிருந்து உங்களுக்கு உரியது குடும்ப ஓய்வூதியம். கடைசிச் சம்பளத்தில் பென்ஷன் 50 சதவீதம், இது 30 சதவீதம். இறந்தவருக்கு 67 வயது ஆகும்வரைதான், அதுவும் அதிகபட்சம் ஏழு வருடம், கூடுதல் விகிதம் உண்டு. அவர் 71-இல் போனதால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. 'எய்தர் ஆர் சர்வைவர்' கணக்குதானே, மிஞ்சியவருக்குத்தானே பணம் என்று மகன் கேட்கிறானாம். இறந்த நாளில் கணக்கில் இருந்த பணத்துக்கு அது பொருந்தும். அதற்குப் பிறகு வந்து விழுந்தது அரசாங்கத்தின் பணம். பென்ஷன் தொடங்கும்போது, கூடுதலாக வந்தால் நானோ என் வாரிசுகளோ திருப்பித் தருவோம் என்று ஓர் உறுதிமொழியில் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். வங்கிக் கோப்பில் அந்தத் தாள் இருக்கும்.

மகன் வாட்ஸ்ஆப்பில் பார்த்த தீர்ப்பு எனக்கும் தெரியும்: 2014 டிசம்பர், உச்ச நீதிமன்றத்தில் ரஃபீக் மசீஹ் வழக்கு. ஓய்வு பெற்றவர்களிடமிருந்து, கடைநிலை ஊழியர்களிடமிருந்து பிடிக்கக் கூடாது என்று வரும். அதை நம்பி என்னிடம் வந்து ஏமாந்தவர்கள் பலர். நிர்வாகம் தானாகத் தவறிக் கூடுதலாகக் கொடுத்த பணத்தைப் பற்றியது அது. சாவை மறைத்து எடுத்த பணத்துக்கு அதில் நிழல் கிடையாது. 2016-இல் ஜக்தேவ் சிங் வழக்கில், உறுதிமொழி எழுதிக் கொடுத்தவரிடம் திரும்ப வாங்கலாம் என்றும் அதே நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது.

இனி நான் பயப்படுகிற இடத்துக்கு வருகிறேன். மகன் இதுவரை சொன்னது போனில் ஒரு பொய். லைஃப் சர்டிபிகேட் கொடுக்க வேண்டிய நவம்பர் முடிவதற்குள் அது காகிதத்தில் ஏறும். வக்கீலான எனக்கு ஒரு கட்சிக்காரர் இருந்தார், குன்னூர்க்காரர். இரண்டு மாதப் பென்ஷன்தான் எடுத்திருந்தார். அதோடு விட்டிருந்தால் திருப்பிக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். லைஃப் சர்டிபிகேட் படிவத்தில் அப்பாவின் பெருவிரல் ரேகைக்குப் பதில் தன் ரேகையை வைத்து, தெரிந்த அலுவலர் ஒருவரிடம் சான்றொப்பமும் வாங்கிக் கொடுத்தார். பணத்தை வட்டியோடு கட்டிய பிறகும் கிரிமினல் வழக்கு போகவில்லை. சான்றொப்பம் போட்டவரும் பக்கத்தில் நின்றார். இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் ஏமாற்றுதலுக்கு 318(4), ஏமாற்றுவதற்காகப் பொய் ஆவணம் உண்டாக்கியதற்கு 336(3). இரண்டிலும் ஏழு ஆண்டு வரை சிறை. இறப்புச் சான்றிதழில் மார்ச் 11 என்று பதிவாகிவிட்டது. அதை எந்தப் படிவமும் அழிக்காது.

போலீஸ் புகார் வேண்டவே வேண்டாம். மிரட்டினார் என்று எழுதினால், எதைச் சொல்லி மிரட்டினார் என்பதையும் எழுத வேண்டும். உங்கள் குற்றத்தை உங்கள் கையாலேயே எழுதிக் கொடுப்பீர்களா? அவருக்குள்ள ஒரே ஆயுதம் வங்கியில் போய்ச் சொல்வது. நாளைக் காலையில் நீங்களே போய்ச் சொல்லிவிட்டால் அதுவும் போயிற்று.

மகன் போக வேண்டாம், நீங்கள் போங்கள். இறப்புச் சான்றிதழ், பி.பி.ஓ., உங்கள் ஆதார், பாஸ்புக், கூடவே ஒரு கடிதம். கணவர் இறந்த தேதி இது, அதற்குப் பிறகு எடுத்த தொகை இது, திருப்பிக் கட்டுகிறேன், குடும்ப ஓய்வூதியம் தொடங்குங்கள் – இவ்வளவு போதும். காரணம், கண்ணீர், 'தெரியாமல் செய்துவிட்டோம்' எதுவும் அதில் வேண்டாம். நகலில் சீல் வாங்காமல் கவுன்டரை விட்டு நகராதீர்கள். கணக்கு ஸ்பர்ஷுக்கு, அதாவது பாதுகாப்புத் துறையின் இணையவழிப் பென்ஷன் முறைக்கு, மாறியிருந்தால் அங்கேயும் இறப்பைப் பதிய வேண்டும். குடும்ப ஓய்வூதியத்துக்கு அனுமதி வர வேண்டியது பிரயாக்ராஜில் உள்ள பாதுகாப்புத் துறைப் பென்ஷன் அலுவலகத்திலிருந்து. இந்த மாதப் பென்ஷன் விழுந்தால் தொடாதீர்கள். ஏ.டி.எம். கார்டை மகனிடமிருந்து வாங்கி உங்கள் பீரோவில் வையுங்கள்.

தொகையைக் கேட்டு மலைக்க வேண்டாம். மார்ச்சில் 20 நாள், பிறகு ஏழு மாதம். அகவிலைப்படி நீங்கலாக எடுத்தது சுமார் 1,53,000. அதே காலத்துக்கு உங்களுக்கு வர வேண்டிய குடும்ப ஓய்வூதியம் சுமார் 92,000. நிகரக் கடன் 61,000 சொச்சம், அதற்குரிய அகவிலைப்படி தனி. உங்களுக்கு வர வேண்டிய நிலுவையில் கழித்துக்கொள்ளும்படி கடிதத்திலேயே கேளுங்கள். முழுவதையும் முதலில் கட்டு என்று வங்கி பிடிவாதம் பிடித்தால் வாதாட வேண்டாம். நகையை வைத்தாவது கட்டிவிட்டு நிலுவைக்குக் காத்திருங்கள். வக்கீல் சொல்கிற பேச்சா என்று கேட்பீர்கள். இந்த வழக்கை நடத்த எனக்குக் கொடுக்கும் ஃபீஸும் ஏறக்குறைய அவ்வளவுதான் வரும்.

உங்கள் பி.எஃப். பென்ஷன் நீங்கள் உழைத்துப் பெற்றது. குடும்ப ஓய்வூதியம் வந்தாலும் அது நிற்காது. அதற்கு உங்கள் பெயரில் தனி லைஃப் சர்டிபிகேட் வேண்டும். நவம்பர்தான் என்று இல்லை, எந்த மாதமும் கொடுக்கலாம். கொடுத்த நாளிலிருந்து 12 மாதம் செல்லும்.